கோஜோ சடோருவை ஆசிரியர் ஆக்கியது யார்? கெடோவா, தோஜியா, யாகாவா? (ஸ்பாய்லர் முழுக்க உண்டு)

முடிவிலிக்குமரன்
ஜூஜுட்சு கைசென்ங்கிற ஜப்பானியப் படக்கதை (மங்கா) 2024 செப்டம்பரில் 271-ஆவது அத்தியாயத்தோடு முடிஞ்சிடுச்சு. ஆனா அதுல சாபங்களோட சண்டை போடுற மந்திரவாதிகள்லயே பலசாலியான கோஜோ பத்திப் பேசுற இழை எல்லாம் இன்னும் "யார் பலசாலி"ங்கிற இடத்துலயே சுத்துது. இங்க வேற கேள்வி. அவ்வளவு பலம் இருக்கிற ஒருத்தர், பிடிக்காத மேலிடத்தை ஒரே நாள்ல துடைச்சுப் போட்டிருக்கலாம். அதை விட்டுட்டு ஏன் பள்ளிக்கூடத்துல பாடம் எடுக்க வந்தார்? அவரை அந்த இடத்துக்குத் தள்ளின உறவு எது? கூடப் படிச்ச நண்பன் கெடோவா, அவரைக் கொல்ல வந்த தோஜியா, அவரோட ஆசிரியர் யாகாவா?

அனிமே முதல் சீசன்லயே பள்ளி உதவியாளர் இஜிச்சிகிட்ட ஒரு பதில் சொல்லிடுறார்: மேல இருக்கிறவங்களைக் கொன்னா அதே மாதிரி இன்னொரு கூட்டம்தான் வந்து உட்காரும், யாரும் பின்னாடி வர மாட்டாங்க, அதனால கல்வியைத் தேர்ந்தெடுத்தேன்னு. அது கொள்கை. ஆனா கொள்கைக்கு முன்னாடி ஒரு காயம் இருக்கணும் இல்லையா? அதைப் பேசுவோம்.

ஒரே ஒரு விதி: எந்தக் கருத்தா இருந்தாலும் எந்தக் காட்சியை வச்சுச் சொல்றீங்கன்னு போடுங்க. வெறும் "எனக்கு அப்படித் தோணுது" வேண்டாம்.

கயல்_மங்கா
கெடோதான். மூணு சின்னக் காட்சி போதும். மூணுமே சண்டைக் காட்சி இல்லை, அதனாலதான் பலர் கண்ணுல படாமப் போகுது.

முதலாவது, "நான்"ங்கிற சொல். மாணவனா இருந்த 2006 கதையில கோஜோ தன்னை "ஓரே"ன்னு சொல்லிக்குவார். ஜப்பானியத்துல அது கொஞ்சம் முரட்டு "நான்". கெடோ அவரைத் திருத்துறார்: பெரியவங்க முன்னாடி "வதாஷி"ன்னு சொல்லு, குறைஞ்சபட்சம் "போகு"ன்னாவது சொல்லு, சின்னப் பசங்களும் பயப்பட மாட்டாங்கன்னு. அப்போ கோஜோ அதை மதிக்கவே இல்லை. ஆனா நாம முதல் எபிசோடுல இருந்து பாக்குற ஆசிரியர் கோஜோ "போகு"ன்னுதான் பேசுறார். நண்பன் போன பிறகு அவன் சொன்ன திருத்தம் மட்டும் நாக்குல தங்கிடுச்சு. தமிழ்ல எல்லா "நானும்" ஒரே நான்தான், ஆங்கில சப்டைட்டில்லயும் அப்படியே. அதனால காதைக் கொடுத்துக் கேட்டாத்தான் இது கிடைக்கும்.

இரண்டாவது, பென்சிலும் அழிப்பானும். 29-ஆவது எபிசோட். கோஜோ நிக்கிறார், கூடப் படிக்கிற ஷோகோ ஒரு பென்சிலை எறியிறாங்க, கெடோ ஒரு அழிப்பானை எறியிறார். பென்சில் முகத்துக்கு முன்னாடி காத்துலயே நிக்குது, அழிப்பான் போய் நெத்தியில படுது. எதுவும் தன்னைத் தொடாம நிறுத்துற இன்ஃபினிட்டியை இனிமே தானே நாள் முழுக்க ஓட விடலாம், எடை, வேகம், வடிவம் பாத்து எது ஆபத்துன்னு அதுவே பிரிச்சுக்கும்னு காட்டத்தான் அந்தச் சோதனை. மூளை தேயாம இருக்க, உடம்பை ஆத்துற ரிவர்ஸ் கர்ஸ்டு டெக்னிக்கையும் சேர்த்தே ஓட்டுறார். கோஜோ உற்சாகமா விளக்கிட்டே இருக்கார். கெடோ முகத்தைப் பாருங்க. அதுவரைக்கும் "நாங்க ரெண்டு பேரும்தான் பலசாலி"ன்னு இருந்தது அந்த நொடியில ஒருமை ஆகுது. அதுக்கப்புறம் கோஜோ எல்லா வேலைக்கும் தனியாப் போறார். கெடோ தனியா உட்கார்ந்து, அடக்கி ஆளுறதுக்காகச் சாபங்களை (பேய் மாதிரியான ஜந்துக்கள்) விழுங்குறார். வாந்தி துடைச்ச துணியை விழுங்குற மாதிரி ருசின்னு அவரே சொல்றார். அந்த ருசி வேற யாருக்கும் தெரியாது. கோஜோ கேட்கவும் இல்லை.

மூணாவது, அதே எபிசோட் முடிவு. தோஜியோட மகன், சின்னப் பையன் மெகுமிகிட்ட கோஜோ சொல்றது: பலசாலி ஆகு, என்னால பின்னாடி விடப்படாத அளவுக்கு ஆகு. ஆறேழு வயசுப் பையனுக்குச் சொல்ற வார்த்தையா அது? ஏற்கனவே ஒருத்தன் பின்னாடி விடப்பட்டதாலதான் அந்த வார்த்தை வருது.

தெற்குவிமானம்
கயல் அக்கா சொன்னதுல ஒரு வரி கூட மறுக்க முடியாது. ஆனா வரிசை மாறுது. தோஜி இல்லைன்னா இன்ஃபினிட்டி நாள் முழுக்க ஓடியிருக்காது, கெடோ பின்தங்கியிருக்க மாட்டார், மெகுமியும் கோஜோ கைக்கு வந்திருக்க மாட்டான். ஆணிவேர் தோஜிதான்.

தோஜி என்ன செஞ்சார்னு படிப்படியாப் பாருங்க. இவ்வளவு நுட்பமாத் திட்டம் போட்டு கோஜோவை வேற யாருமே வீழ்த்தினது இல்லை.

சாகாத மந்திரவாதி டெங்கெனோட ஒண்ணா இணைய வேண்டிய பொண்ணு ரிகோ அமானாய், கோஜோவும் கெடோவும் அவளுக்குக் காவல். அவ தலைக்கு 3 கோடி யென் விலை வச்சு, அதுக்கு ஒரு கெடு நேரத்தையும் சேர்த்தே வெளியிடுறார். கெடு முடியுற வரைக்கும் சில்லறை ஆட்கள் வந்துக்கிட்டே இருப்பாங்க, கோஜோ தூங்காம இன்ஃபினிட்டியைப் பிடிச்சுக்கிட்டே இருக்கணும். ஒகினாவாவுல கூட ஒரு நாள் தங்கினது ரிகோவுக்காக கோஜோ எடுத்த முடிவு, அதுவும் தோஜிக்குத்தான் சாதகம். கெடு தாண்டினதும் எல்லாரும் பள்ளியோட தடுப்புக்குள்ள வந்துடுறாங்க. "அப்பாடா"ன்னு கோஜோ இன்ஃபினிட்டியை விட்ட அதே நொடி முதுகுப் பக்கமா வாள் இறங்குது. தோஜி உடம்புல சாப சக்தி பூஜ்யம், அதனால சாப சக்தியைப் பாக்குற கோஜோவோட ஆறு கண்களுக்கு அவர் தட்டுப்படலை. பிறகு சின்னச் சாபங்களைக் கூட்டமாப் பறக்க விட்டுக் கண்ணை மறைச்சு, டெக்னிக்கையே செயலிழக்க வைக்கிற தலைகீழ் ஈட்டியால தொண்டையில ஒரு குத்து.

சாகிற நிலைமையில கோஜோ ரிவர்ஸ் கர்ஸ்டு டெக்னிக்கைப் பிடிச்சுக்கிட்டு எழுந்திருக்கார், தோஜியை ஹாலோ பர்ப்பிள்ங்கிற தாக்குதலால முடிக்கிறார். கடைசி வார்த்தை ஏதாவது உண்டான்னு கேட்கிறப்ப தோஜி முதல்ல இல்லைங்கிறார். அப்புறம், இன்னும் ரெண்டு மூணு வருஷத்துல என் பையனை ஜெனின்ங்கிற மந்திரவாதிக் குடும்பத்துக்கு வித்துடுவாங்க, உன் இஷ்டம் போலச் செய்னு சொல்லிட்டு நின்னபடியே செத்துப் போறார்.

கோஜோவோட முதல் மாணவனை அவர்கிட்ட ஒப்படைச்சது அவரைக் கொல்ல வந்தவன்.

முடிவிலிக்குமரன்
அந்த ஒப்படைப்பை கோஜோ உடனே எடுத்துக்கலை, கவனிங்க. தோஜி செத்தது 2006. மெகுமியைத் தேடிப் போறது கெடோ பிரிஞ்ச பிறகு. நடுவுல அந்த ஒரு வருஷம் பையன் ஞாபகமே வந்ததா காட்டலை. தோஜி விதை போட்டார்னு வச்சுக்கலாம், ஆனா தண்ணி ஊத்தினது கெடோவோட பிரிவுதான்.

புதுவரவு24
ஸ்பாய்லர் பத்தி எனக்குக் கவலை இல்லை. முதல் சீசன் மட்டும் முடிச்சிருக்கேன். இந்த உறவுகளைச் சரியாப் பிடிக்க எந்த வரிசையில பாக்கணும்? படத்தை முதல்ல பாக்கலாமா, ரெண்டாவது சீசன் பாத்துட்டுப் பாக்கலாமா?

கயல்_மங்கா
வெளியான வரிசையே சரி தம்பி. முதல் சீசன் 24 எபிசோட், அப்புறம் 2021 டிசம்பர்ல வந்த ஜூஜுட்சு கைசென் 0 படம், அப்புறம் 2023-ல வந்த ரெண்டாவது சீசன். அந்த சீசனோட முதல் 5 எபிசோட்தான், அதாவது 25-ல இருந்து 29 வரைக்கும், 2006-07 கதை.

கால வரிசைப்படி பாக்குறேன்னு 25-29-ஐ முன்னாடி இழுத்துட்டா படத்தோட முடிவு கெட்டுடும். படத்துல கெடோ முழு வில்லனாத்தான் வரணும். கடைசிச் சந்துல கோஜோ அவர் முன்னாடி குந்தி உட்கார்ந்து ஏதோ சொல்றார், அந்த வார்த்தை நமக்குக் கேட்காது. சாகுற நேரத்துலயாவது என்னைச் சபிக்கக் கூடாதான்னு கெடோ சிரிக்கிறார். அப்போ நமக்குப் பாதிதான் புரியணும். மீதிக்கு 25-29 பாத்துட்டு, திரும்ப அந்தச் சந்துக் காட்சியை மட்டும் ஒரு தடவை போட்டுப் பாருங்க. அதுக்குப் பிறகு ஷிபுயா சண்டைக் கதைக்குப் போங்க. நடுவுல இடைவெளி விடாதீங்க, 33-ஆவது எபிசோட்ல அந்தப் பழைய முகம் திரும்ப வர்றப்ப 29 மனசுல சூடா இருக்கணும்.

ஆசிரியர்மேசை
யாகாவைத் தலைப்புல போட்டுட்டு யாரும் பேசலை. சுருக்கமாச் சொல்றேன்.

2007-ல கெடோ ஒரு கிராமத்துல 112 பேரைக் கொன்னுட்டார்ங்கிற செய்தியை கோஜோவுக்குச் சொன்னது யாகா. ஷின்ஜுகுவுல கெடோவைக் கொல்ல விரலை நீட்டி, முடியாம இறக்கிட்டுத் திரும்பி வந்த கோஜோ பேசினதும் யாகாகிட்டதான்: நான் மட்டும் பலசாலியா இருந்தாப் போதாது போல, காப்பாத்தப்படத் தயாரா இருக்கிறவங்களை மட்டும்தான் என்னால காப்பாத்த முடியும். ஆசிரியர் கோஜோ பிறந்தது அந்தப் படிக்கட்டுல. அங்க யாகா அறிவுரை ஒண்ணும் சொல்லலை, திட்டலை. மாணவன் பேசினதைக் கேட்டார். பின்னாடி கதாநாயகன் யூஜி பள்ளியில சேர வர்றப்ப, ஏன் வந்தேன்னு திரும்பத் திரும்பக் கேட்டு, மந்திரவாதிக்கு வருத்தம் இல்லாத சாவு கிடையாதுன்னு சொல்லி அனுப்புறதும் இதே யாகா. கெடோவை இழந்த ஆசிரியர்ங்கிறதை மனசுல வச்சுக்கிட்டு அந்த ரெண்டாவது எபிசோடைப் பாருங்க.

பென்சில்முனை
எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. உறவுகள் கோஜோவுக்கு ஆசிரியர் ஆகணும்ங்கிற ஆசையைக் கொடுத்துச்சு, சரி. நல்ல ஆசிரியர் ஆக்குச்சா? அவர் என்ன சொல்லிக் கொடுத்தார்னு கணக்குப் பாருங்க.

யூஜி: செத்துப் பிழைச்சதை மறைக்கச் சொல்லி, ஷோகோகிட்ட ஆவணத்துல சாவுன்னே இருக்கட்டும்னு சொல்லிட்டு, அடித்தளத்துல படம் பாக்க வைக்கிறார். மடியில யாகா செஞ்ச பொம்மை. சாப சக்தியைச் சீராக் கொடுத்துக்கிட்டே இருந்தா அது தூங்கும், கொஞ்சம் கூடினாலோ குறைஞ்சாலோ முகத்துல ஒரு குத்து. பயம், சிரிப்பு, அழுகைன்னு எல்லாப் படமும் பாக்கிறப்பவும் அளவு மாறக் கூடாது. ரொம்ப நல்ல பயிற்சி. அப்புறம் ஜோகோங்கிற சாபத்தோட சண்டைக்கு நடுவுல யூஜியைத் தூக்கிட்டு வந்து டொமைன்னா (எதிரியைத் தன் வெளிக்குள்ள அடைக்கிற உச்ச வித்தை) என்னன்னு நேர்ல காட்டுறார். அதோட சரி. நடைமுறையில யூஜியை வளர்த்தது மந்திரவாதி நானாமியும், இன்னொரு பள்ளி மாணவன் டோடோவும். பிளாக் ஃபிளாஷ்ங்கிற அபூர்வ அடி வரைக்கும் கொண்டு போனது டோடோ.

மெகுமிக்கு ஒரே ஒரு பேச்சு. பேஸ்பால் உதாரணம்: அடுத்தவன் ஓடட்டும்னு நீ எப்பவும் பந்தைத் தட்டி மட்டும் விடுற, செத்து ஜெயிக்கிறதும் செத்தாலும் பரவாயில்லைன்னு ஜெயிக்கிறதும் வேற வேற, இன்னும் பேராசைப்படு. அது 23-ஆவது எபிசோட்ல பலிக்குது, அரைகுறையா இருந்தாலும் டொமைன் திறக்குது. அருமையான பேச்சு. ஆனா எத்தனை வருஷம் கூட இருந்த பையனுக்கு?

ஆசிரியர்மேசை
பென்சில்முனை, நீங்க அடுக்கின பட்டியலே உங்களுக்கு எதிரா இருக்கு. கோஜோ தன் டெக்னிக்கை யாருக்கும் கத்துக்கொடுக்க முடியாது. ஆறு கண்கள் இல்லாம, இன்ஃபினிட்டிக்கு மூலமான லிமிட்லெஸ் டெக்னிக் ஓடாது. அப்போ அவரால கொடுக்க முடிஞ்சது என்ன? முதல்ல உயிர். படத்தோட நாயகன் யூட்டாவுக்கு மரண தண்டனை, நிறுத்தி வைக்க வச்சார். யூஜிக்கு மரண தண்டனை, அவன் உடம்புக்குள்ள இருக்கிற சாபங்களோட அரசன் சுகுனாவோட 20 விரலையும் தின்னு முடிக்கட்டும்னு தள்ளிப் போட்டார். மெகுமியை ஜெனின் பிடியில இருந்து எடுத்தார். ஒவ்வொரு மாணவனையும் யாரோ ஒருத்தர் கையில இருந்து பிடுங்கித்தான் வகுப்புல உட்கார வச்சிருக்கார். இளைஞர்கள் கிட்ட இருந்து இளமையைப் பறிக்க எவருக்கும் உரிமை இல்லைன்னு அவர் சொல்றது இதைத்தான்.

அடுத்தது, சரியான ஆளைச் சரியான பையனோட சேர்க்கிறது. யூஜியை நானாமிகிட்ட விட்டது தற்செயல் இல்லை. நானாமி கோஜோவுக்கு ஒரு வருஷம் ஜூனியர், கூடப் படிச்ச ஹைபாராவைப் பிணமா வாங்கினவர், எல்லாத்தையும் உதறிட்டு அலுவலக வேலைக்குப் போய்த் திரும்பி வந்தவர். குழந்தையைக் குழந்தையா நடத்தணும்னு யாரும் சொல்லித் தராமலே தெரிஞ்சவர். கோஜோ மேல நம்பிக்கை உண்டு, மரியாதைதான் இல்லைன்னு யூஜிகிட்டயே நேராச் சொல்லிடுறார். தன்னை மதிக்காத ஆள் கையில தன் மாணவனைக் கொடுக்கிறதுக்கு ஒரு தெளிவு வேணும். தன்கிட்ட என்ன இல்லைன்னு கோஜோவுக்குத் தெரிஞ்சிருந்துச்சு.

பென்சில்முனை
இந்த நானாமி விஷயத்துல ஒத்துக்குறேன். அதை அப்படி யோசிக்கலை.

ஷிபுயாவாசி
உறவு அவரை வளர்த்த கதையே பேசிட்டிருக்கோம். அதே உறவு அவரை வீழ்த்தின இடத்தையும் துல்லியமாப் பாக்கணும்.

2018 அக்டோபர் 31. கோஜோ அன்னைக்குச் செஞ்சதெல்லாம் கணக்குப் பிசகாத வேலை. சாதாரண மக்களும் பிழைக்கணும்னு டொமைனை 0.2 நொடி மட்டும் திறக்கிறார். அடுத்த 299 நொடியில உருமாற்றப்பட்ட சுமார் 1000 பேரை முடிக்கிறார். அதுக்கப்புறம்தான் அவரை அடைக்க எதிரிகள் கொண்டு வந்த சிறைப்பெட்டி திறக்குது. அதுக்கு ரெண்டு நிபந்தனை: ஆள் 4 மீட்டருக்குள்ள இருக்கணும், ஒரு நிமிஷம் அங்கேயே நிக்கணும். ஒரு நிமிஷம் கோஜோ நிப்பாரா? வெளியில நிக்க வேண்டாம், அந்த ஒரு நிமிஷம் அவர் மண்டைக்குள்ள ஓடினாப் போதும். "வணக்கம் சடோரு"ன்னு கெடோ முகம் வந்து நிக்குது. மூணு வருஷப் பள்ளி வாழ்க்கை மொத்தமும் கண் முன்னாடி ஓடி முடிஞ்சிடுது. பெட்டி மூடிக்குது.

இதுல முக்கியமான தப்பு ஷிபுயாவுல நடக்கலை. ஒரு வருஷம் முன்னாடி, கெடோ செத்த 2017 டிசம்பர் 24-க்குப் பிறகு நடந்தது. மந்திரவாதி உடலை முறைப்படி ஷோகோகிட்ட கொடுத்து அப்புறப்படுத்தணும். கெடோ உடலை கோஜோ கொடுக்கலை. கூடப் படிச்ச பொண்ணு கையால அதைச் செய்ய வைக்க மனசு வரலை. கெடோ உடம்புக்குள்ள புகுந்து வந்த பழைய மந்திரவாதி கென்ஜாகு அதையே முகத்துக்கு நேரா சொல்லிக் காட்டுறான்: தேவையில்லாத இடத்துல கரிசனம் காட்டின, அதனால உடம்பு சுலபமாக் கிடைச்சுதுன்னு. நண்பன் மேலயும் ஷோகோ மேலயும் இருந்த பாசம், அந்த ஒரே ஒரு ஓட்டை வழியாத்தான் எல்லாம் உள்ள வந்துச்சு.

ஆனா அதே காட்சியில இன்னொண்ணும் இருக்கு. இது கெடோதான்னு ஆறு கண்கள் சொல்லுது, என் ஆன்மா இல்லைங்குதுன்னு கோஜோ சொல்றார். இத்தனை நாள் இப்படி விட்டு வைக்கப் போறியா சுகுருன்னு அதட்டினதும், செத்த உடம்போட கை எழுந்து கென்ஜாகு கழுத்தையே நெரிக்குது. ஆயிரம் வருஷம் உடம்பு மாத்திக்கிட்டு வந்தவனே அதைப் பாத்து வியந்து போறான்.

தெற்குவிமானம்
மெகுமி விஷயத்துலயும் இதே கதைதான். கெய்ச்சோ காலத்துல ஆறு கண்கள் கொண்ட கோஜோ குடும்பத் தலைவரும், பத்து நிழல் டெக்னிக் கொண்ட ஜெனின் தலைவரும் மோதி ரெண்டு பேரும் செத்தாங்கன்னு மெகுமிகிட்ட சொன்னதே கோஜோதான். உன்கிட்ட இருக்கிறது என்னையே கொல்லக் கூடிய ஆயுதம்னு அடையாளம் காட்டி, நம்பிக்கையோட வளர்த்தார். அந்த உடம்பை சுகுனா எடுத்துக்கிறான். இன்ஃபினிட்டியை வெட்டுற வழியை, எந்தத் தாக்குதலுக்கும் பழகிக்கிற நிழல் மிருகம் மஹோராகாவை வச்சுக் கத்துக்கிறான். அதைவிடக் கொடுமை, கோஜோவோட டொமைன் அடியைத் தன் ஆன்மாவுக்குப் பதிலா மெகுமி ஆன்மா மேல இறக்கி வச்சு அந்தப் பழக்கத்தை முடிக்கிறான். தன் மாணவன்தான் உள்ள அடி வாங்குறான்னு தெரியாமலே கோஜோ டொமைனைத் திறந்துக்கிட்டு இருந்தார்.

சுகுனாவோட அந்தச் சண்டைக்கு, கெடோ செத்த அதே டிசம்பர் 24-ஐக் குறிச்சதும் கோஜோ. நினைவு நாள் ரெண்டு இருந்தா குழப்பம்னு கென்ஜாகுகிட்ட சொல்றார்.

புதுவரவு24
236-ஆவது அத்தியாயத்துல மாணவர்களைப் பத்திப் பேசாமலே செத்துப் போறார்னு நிறையப் பேர் கோபமா எழுதியிருக்காங்களே, அது நியாயமா?

கயல்_மங்கா
சுகுனாகிட்ட தோத்துச் செத்ததும் வர்ற அந்த விமான நிலையக் காட்சியை முழுசாப் படிச்சா கோபம் வேற இடத்துக்குப் போகும். கெடோ, நானாமி, ஹைபாரா, ரிகோ, யாகான்னு போனவங்க எல்லாரும் அங்க இருக்காங்க. புது ஆளாகணும்னா வடக்கே போ, பழைய ஆளாவே இருக்கணும்னா தெற்கே போன்னு ஒரு பேச்சு வருது. அங்க கோஜோ மாணவர் போலவே இருக்கார், ஆசிரியர் இல்லை.

அங்க கோஜோ சொல்ற பூ உவமைதான் மொத்தக் கதாபாத்திரத்துக்கும் திறவுகோல். பூவை மலர வைக்கலாம், ரசிக்கலாம், ஆனா பூ என்னைப் புரிஞ்சுக்கணும்னு யாராவது எதிர்பார்ப்பாங்களா? மத்த மனுஷங்களுக்கும் தனக்கும் நடுவுல அவர் உணர்ந்த கோடு அது. மாணவர்கள் மேல பாசம் உண்டு, உயிரையே கொடுப்பார். புரிஞ்சுக்குவாங்கன்னு மட்டும் எதிர்பார்க்கலை. முதுகைத் தட்டி அனுப்பினவங்க கூட்டத்துல நீயும் இருந்திருந்தா முழுத் திருப்தியாப் போயிருப்பேன்னு கெடோகிட்ட சொல்றார் பாருங்க. அந்தக் கூட்டம் யாரு? மாணவர்கள். அவங்க முதுகுல தட்டினதை அவர் மறக்கலை. ஒரு கை குறைஞ்சுதுன்னு மட்டும் சொல்றார்.

பென்சில்முனை
இருந்தாலும் தோட்டக்காரன் பூவைப் பாக்குற பார்வைதானே அது? கெடோவைத் தனியா விட்ட அதே தவறை வேற மாதிரி திரும்பச் செய்யறார். பாரத்தை யாரோடயும் பங்கு போடலை. மேலிடத்தை ஒழிச்சதையும் தனியாவே போய் முடிச்சுட்டு வந்தார், பசங்களுக்கு அந்தக் கறை வேண்டாம்னு.

ஆசிரியர்மேசை
அந்தக் கேள்விக்குப் பதில் 261-ல இருக்கு, அதுவும் மாணவன் வாயில இருந்து. கோஜோ உடம்புக்குள்ள தன் மூளையை வச்சுக்கிட்டுச் சண்டைக்குப் போறேன்னு யூட்டா சொல்றான், கென்ஜாகுவோட டெக்னிக்கை நகலெடுத்து. சக மாணவி மாக்கி கொதிக்கிறா. அப்போ யூட்டா வாதம் இதுதான்: இத்தனை நாளா அரக்கனா இருக்கிற வேலையை கோஜோ சென்செய் ஒருத்தர் தலையில கட்டிட்டு நாம எல்லாரும் ஒதுங்கி இருந்தோம், அவர் இல்லைன்னா அடுத்து யார் அதைச் செய்யறது?

காட்சி அருவருப்பா இருக்குன்னு நிறையப் பேர் சொன்னாங்க. செத்த நண்பன் உடம்பை எடுத்துக்கிட்டு வந்த கென்ஜாகு செஞ்சதையே மாணவனும் செய்யறான், அதனால அருவருப்பு இருக்கணும். ஆனா கோஜோவை யாரும் புரிஞ்சுக்கலைங்கிற பேச்சு அதோட முடியுது. பூ திரும்பிப் பாத்து, உன் இடத்துல நான் நிக்கிறேன்னு சொல்லிடுச்சு.

முடிவிலிக்குமரன்
அதோட கடைசி அத்தியாயத்துல யூஜி நினைவுக்கு வர்ற பேச்சையும் சேர்த்துக்கணும். ஒருத்தராவது கோஜோ சடோருவை மறந்துட்டு, என் பலத்துக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாத வேற பலத்தோட வளரணும்னு யூஜிகிட்ட சொல்றார். மெகுமிக்குச் சொன்னது "என்னால பின்னாடி விடப்படாம இரு". யூஜிக்குச் சொன்னது "என்னைப் பின்னாடி விட்டுட்டுப் போ". நடுவுல 11 வருஷம்.

கயல்_மங்கா
குமரன், அந்த யூஜி காட்சியில என்ன "நான்" வருதுன்னு கவனிச்சீங்களா? அங்கயும் "போகு"தான்.